நிற்கும் கார் ஓய்வெடுப்பதில்லை

ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள டல்சா நகரத்தவர் 1957 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆம் திகதி புத்தம்புதிய கார் ஒன்றை நிலத்தினுள் புதைத்தனர். மாநிலம் உருவாகி ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றதைக் கொண்டாடிய விழாவின் ஓர் அங்கம் அது. பிளிமத் பெல்வெடியர் எனும் அக்காருக்குத் துருத்தடுப்புப் பசை பூசினர், உறையிட்டு மூடினர், நீதிமன்றக் கட்டடத்தின் முன்றலில் அமைத்த கொங்கிறீட் அறையினுள் இறக்கினர். ஐம்பது ஆண்டுகளின் பின்னர் உலகில் பெற்றோல் கிடையாமற் போய்விடலாம் என்றெண்ணி, கலன்களில் பெற்றோலையும் உடன் வைத்தனர். 2007 இல் நகரின் மக்கள்தொகை எவ்வளவாயிருக்கும் என்பதை மிக அண்மித்துக் கணிப்பவருக்கே கார் உரியது என்று போட்டியும் அறிவிக்கப்பட்டது.

2007 ஆம் ஆண்டு அறையைத் திறந்தபோது உள்ளே நீர் நின்றது. அணுகுண்டுத் தாக்குதலையும் தாங்கவல்லது எனப் புகழப்பெற்ற அறைக்குள் நீர் ஆண்டாண்டாகக் கசிந்து தேங்கியிருந்தது. வெளியே தூக்கப்பட்டது துருவும் சேறும் அப்பிய ஓர் எச்சமே. அதன் எஞ்சினை இயக்கும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. மக்கள்தொகையை அண்மித்துக் கணித்தவரோ 1979 இலேயே காலமாகியிருந்தார். இதே நகரத்தவர் 1998 இல் இன்னொரு காரை 2048 ஆம் ஆண்டுவரை பூட்டிவைத்தபோது, அறையை நிலத்தின் மேலேயே கட்டிக்கொண்டனர்.

ஐம்பது ஆண்டுகள் காரைப் பூட்டிவைக்கும் தேவை எமது வாசகர்களுக்கு இல்லை. ஆயினும் ஐந்து வாரமோ ஐந்து மாதமோ காரை நிறுத்திவைக்க நேராத குடும்பம் எம்மிடையே அரிது. கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஊருக்குச் செல்கிறோம். குளிர்காலத்தில் இரண்டாவது காரைக் கராஜில் விடுகிறோம். நோய், வேலையிழப்பு, சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோதல் எனப் பல காரணங்களால் கார் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது. 2020 இல் பெருந்தொற்றின்போது உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் ஒரே வேளையில் நின்றன. திரும்பிவந்து திறப்பைத் திருகும்போது எழும் மௌனம் பலரும் அறிந்ததே. வீட்டுக்கு அடுத்தபடியாகக் குடும்பமொன்று கடன்பட்டு வாங்கும் பெரும்பொருள் கார். அதைக் காப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எந்தக் காருக்கு எது ஆகாது என்னும் அறிவே வேண்டும். பழைய காருக்கு நன்மை செய்யும் முறை மின்காருக்குத் தீமை செய்யலாம் என்பதே இங்கு முதலிற் கொள்ளத்தக்க உண்மை.

சிறிய பற்றரியே முதலிற் சாகிறது

பழைய பெற்றோல் கார், ஹைபிரிட் கார், முழு மின்கார் என்னும் மூவகைக்கும் பொதுவான உறுப்பொன்று உண்டு. அதுவே 12 வோல்ற் பற்றரி. பெரும்பாலான கார்களில் இது இன்றும் ஈயமும் அமிலமும் கொண்டது. 1859 இல் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே கண்ட அதே அடிப்படையில் இயங்குவது. பல நூறு வோல்ற் மின்னழுத்தமுடைய பெரும் மின்கலத் தொகுதியைச் சுமக்கும் மின்காரிலும் கதவுப் பூட்டு, கணினி, விளக்கு ஆகியவற்றை எழுப்புவது இச்சிறிய பற்றரியே. இது செத்தால் பெரிய மின்கலத்தில் நிறைய மின் இருந்தும் கார் அசையாது.

கார் பூட்டி நிற்கையிலும் எச்சரிக்கை மணி, திறப்பை உணரும் கருவி, கணினி நினைவகம் என்பன மின்னை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. உறிஞ்சும் அளவு 50 மில்லி அம்பியர் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 1.2 அம்பியர் மணி செலவாகும். பற்றரியின் கொள்ளளவு 60 அம்பியர் மணி ஆயின், இருபத்தைந்து நாட்களில் அது பாதியாகிவிடும். ஆறு வாரத்தில் 50 அம்பியர் மணி போய்விடும். ஊரிலிருந்து திரும்பும் நாளில் கார் ஏன் அசைவதில்லை என்பதற்கு இக்கணக்கே விடை.

பற்றரி வெறுமையாவது மட்டுமே இழப்பன்று. குறைந்த மின்னேற்றத்தில் நெடுநாள் நிற்கும் ஈயத்தகடுகளின் மேல் சல்பேற்றுப் படிகங்கள் இறுகுகின்றன. பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் அவை முற்றாகக் கரைவதில்லை. குளிர்நாடுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நிறைந்த பற்றரியின் அமிலக் கரைசல் கடுங்குளிரிலும் உறையாது. வெறுமையான பற்றரியிலோ அக்கரைசல் ஏறக்குறைய வெறும் நீராகிவிடுவதால், பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவிலேயே உறைந்து கூட்டை வெடிக்கச் செய்யலாம்.

இதற்குப் பரிகாரம் எளிது. மின்னேற்றத்தைத் தானே அளந்து, வேண்டியபோது ஏற்றி, நிறைந்ததும் நிறுத்திக்கொள்ளும் பராமரிப்பு மின்னேற்றிகள் கடைகளில் உண்டு. கராஜில் மின்னிணைப்பு இருந்தால் இதனை மாதக்கணக்கில் பொருத்தி விடலாம். தானாக நிறுத்தாத பழைய வகை மின்னேற்றியை அவ்வாறு விடலாகாது. மின்னிணைப்பு இல்லாத இடத்தில், பழைய கார்களில் முதலில் எதிர்முனையையும் பின்னர் நேர்முனையையும் கழற்றி, பற்றரியை வீட்டுக்குள் எடுத்துவைத்து மாதமொருமுறை மின்னேற்றலாம். ஓய்வு நிலையில் 12.6 வோல்றுக்கு மேல் காட்டினால் பற்றரி நிறைவாயுள்ளது. 12.4 காட்டினால் ஏற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது. 12.0 காட்டினால் அது வெறுமையை நெருங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோருக்கு வேறொரு காட்சி நினைவிலிருக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிட்டாமையால் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். முதலில் சிறிதளவு பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்புவர். பற்றரி செத்திருந்தால் முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவர். கணினி எதுவுமற்ற அக்கார்கள் அதற்கெல்லாம் இடங்கொடுத்தன. இன்றைய கார் அவ்வாறன்று. பற்றரி செத்தால் சிலவற்றின் பின்கதவுகூடத் திறவாது. ரொயோட்டா பிரியஸ் காரின் முந்தைய தலைமுறைகளில் 12 வோல்ற் பற்றரி பின்புறத்தில் உள்ளது. பின்கதவோ மின்னால் திறப்பது. ஆதலால் முன்மூடியின் கீழுள்ள உருகிப்பெட்டியில் அவசர மின்னிணைப்பு முனை வைத்துள்ளனர். இத்தகைய முனை தமது காரில் எங்குள்ளது என்பதைப் பற்றரி சாகுமுன்பே அறிந்துவைத்தல் நன்று.

பழைய விரைவுக் கார்கள்

2014 இல் மேற்குப் பிரான்சின் பண்ணையொன்றில், போக்குவரத்து நிறுவன உரிமையாளர் ஒருவர் சேர்த்துவைத்த பழைய கார்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. பல பத்தாண்டுகள் தகரக் கொட்டில்களின் கீழ் நின்ற அவற்றுட் பல, துருப்பிடித்துத் தம் பாரத்தாலேயே சரிந்து கிடந்தன. மூடிய கராஜினுள் பழைய சஞ்சிகைக் கட்டுகளைச் சுமந்தபடி நின்ற பெராரி 250 கலிபோர்னியா ஸ்பைடர் ஒன்றோ ஓரளவு முழுமையாகவே தப்பியிருந்தது. ஒருகாலத்தில் நடிகர் அலன் டெலோனுக்குச் சொந்தமாயிருந்த அக்கார், 2015 பெப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் 16 மில்லியன் யூரோவுக்கு மேல் விலைபோனது. சுவருள்ள கூரைக்கும் சுவரற்ற கூரைக்கும் இடையிலான வேறுபாட்டை அப்பண்ணை நன்கு காட்டியது.

ஈரமே இரும்பின் பகை. காற்றின் ஈரப்பதன் அறுபது வீதத்தைத் தாண்டும்போது துருப்பிடித்தல் விரைவடைகிறது. நாற்பது வீதத்துக்குக் கீழே இறங்கினாலோ தோலிருக்கையும் மரவேலைப்பாடும் வெடிக்கத் தொடங்கும். ஆகையால் ஐம்பது வீதத்தை அண்டிய நிலையே பேணத்தக்கது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் விரிப்பால் காரை மூடுவது பலரும் செய்யும் தவறு. நிலத்திலிருந்து எழும் ஈரத்தை அது உள்ளேயே சிறைப்படுத்தும். காற்றோட்டமுள்ள துணியுறையே ஏற்றது. குளிர்காலத்தில் ஐரோப்பிய வீதிகளிலும் கனடிய வீதிகளிலும் உப்புத் தூவப்படுகிறது. ஆதலால் நிறுத்துமுன் அடித்தளத்தையும் சில்லுக் குழிகளையும் நன்கு கழுவி, முற்றாக உலரவிட்டே உள்ளே விட வேண்டும்.

அடுத்தது பெற்றோல். இன்று விற்கப்படும் பெற்றோலில் எதனோல் கலந்துள்ளது. பத்து வீதம்வரை எதனோல் கொண்ட ஈ10 பெற்றோல் பிரான்சில் 2009 இலும், ஜேர்மனியில் 2011 இலும், பிரித்தானியாவில் 2021 இலும் அறிமுகமானது. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பது. ஈரம் மிகுந்தால் எதனோலும் நீரும் சேர்ந்து தாங்கியின் அடியிற் படிந்து இரும்பை அரிக்கும். பழைய கார்களின் றப்பர்க் குழாய்களையும் அது கெடுக்கும். கார்புறேற்றரில் எஞ்சிய பெற்றோலோ ஆவியாகி, பிசினாகி, நுண்துளைகளை அடைத்துவிடும். எதனோல் குறைந்த உயர்வகைப் பெற்றோலை நிரப்பி, எரிபொருள் நிலைப்படுத்தும் திரவத்தைக் குறித்த அளவிற் சேர்த்து, சிறிது தூரம் ஓட்டிய பின்னர் நிறுத்துதல் முறையாகும். இரும்புத் தாங்கியை ஏறக்குறைய நிறைத்தே விட வேண்டும். வெற்றிடம் இருந்தால் அங்கே நீர் ஒடுங்கித் துளிக்கும்.

எஞ்சின் ஒயிலை எடுக்கும்போது மாற்றலாம் என்று தள்ளிப்போடுவோர் பலர். பாவித்த ஒயிலில் அமிலமும் நீரும் கலந்திருக்கும். மாதக்கணக்கில் அது உலோகப் பரப்புகளில் ஒட்டி நின்று அரிக்கும். ஆகையால் நிறுத்துமுன்பே மாற்றல் வேண்டும்.

வாரமொருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் கார் நலமாயிருக்கும் என்ற நம்பிக்கை எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இது நன்மையிலும் தீமையே அதிகம் செய்வது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சினிலும் புகைக்குழாயிலும் அந்நீர் தங்காது வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில் அணைக்கப்பட்ட எஞ்சினிலோ அது குளிர்ந்து ஒயிலிற் கலக்கிறது. புகைக்குழாயை உள்ளிருந்து அரிக்கிறது. எஞ்சினை எழுப்ப எடுத்த மின்னையும் பற்றரி அதற்குள் முழுமையாக மீளப் பெறுவதில்லை. ஓட்டுவதாயின் அரைமணி நேரமாவது வீதியில் ஓட்ட வேண்டும்; இல்லையேல் தொடாமல் விட வேண்டும். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வீதியில் நின்றபடி எஞ்சினை வீணே ஓடவிடுதல் சட்டப்படியும் தடுக்கப்பட்டுள்ளது.

ரயர்களில் வழமையிலும் சற்று மேலதிகக் காற்றை அடித்துவைத்தால், ஒரேயிடத்தில் அழுந்தித் தட்டையாவது குறையும். இரண்டு மாதத்துக்கொருமுறை காரைக் கையாற் தள்ளிச் சில்லைக் காற்சுற்று நகர்த்துவதும் உதவும். கைப்பிறேக்கை இழுத்துவிட்டுச் சென்றால் பிறேக் கட்டைகள் துருவோடு ஒட்டிக்கொள்ளும். தட்டையான தரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சில்லுகளின் முன்னும் பின்னும் கட்டை வைத்தல் போதுமானது. பிறேக் திரவமும் ஈரத்தை ஈர்ப்பதே. டொட் 4 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. நீரை ஈர்த்த பின்னர் அதற்கு வகுக்கப்பட்ட ஆகக் குறைந்த கொதிநிலை 155 பாகை. கார் ஓடாவிடினும் இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை இதனை மாற்ற வேண்டும் எனக் கூறப்படுவது இதனாலேயே.

ஹைபிரிட் கார்கள்

ஹைபிரிட் காரின் சிக்கல் மும்மடங்கானது. அதனிடம் பெற்றோல் எஞ்சின் உண்டு. 12 வோல்ற் பற்றரி உண்டு. உயர் மின்னழுத்த மின்கலத் தொகுதியும் உண்டு. இத்தொகுதி நிற்கையில் மெல்லமெல்லத் தன் மின்னை இழக்கிறது. சாதாரண ஹைபிரிட் காருக்குச் சுவர் மின்னிணைப்புக் கிடையாது. ஆதலால் அதனை நிரப்பக்கூடியது காரின் சொந்த எஞ்சின் மட்டுமே. 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த பிரியஸ் முதலாக ரொயோட்டாவின் ஹைபிரிட் கார்களில் எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதும் இவ்வுயர் மின்னழுத்தத் தொகுதியே. அது முற்றாக வெறுமையானால், பெற்றோல் நிறைந்திருந்தும் எஞ்சினை எழுப்ப வழியில்லை. அயற்காரிலிருந்து கம்பி கொடுத்தாலும் 12 வோல்ற் பற்றரி மட்டுமே உயிர்பெறும். பெரிய தொகுதிக்கு மின்னேற்றச் சிறப்புக் கருவியுள்ள வேலைத்தளமே கதி.

மாதக்கணக்கில் நிறுத்துவதாயின், சில மாதங்களுக்கொருமுறையேனும் அரைமணி நேரம் அல்லது 16 கிலோமீற்றர் ஓட்ட வேண்டும் என்பது ரொயோட்டா கைநூல்களின் அறிவுரை. ஓட்டுவதற்கு நண்பரிடம் திறப்பைக் கொடுத்துச் செல்வோர் ஒன்றை விளக்கிக் கூற வேண்டும். வானொலி பாடினால் கார் இயங்குகிறது என்று பொருளன்று. காட்சித்தட்டில் 'ஆயத்தம்' என்னும் குறி தோன்றினால் மட்டுமே பெரிய தொகுதியிலிருந்து சிறிய பற்றரிக்கு மின் செல்லும். அக்குறியின்றி விளக்கும் வானொலியும் எரிந்துகொண்டிருந்தால் சிறிய பற்றரி விரைந்து செத்துவிடும். தொடாமலே திறக்கும் வகைத் திறப்பைக் காரின் அருகில் வைத்தாலும் இரண்டும் இடைவிடாது பேசிக்கொண்டு மின்னைத் தின்னும். திறப்பை வீட்டின் தொலைவான அறையில் வைக்க வேண்டும்.

சுவரிலிருந்து மின்னேற்றும் ஹைபிரிட் கார்களில் எதிர்மாறான சிக்கல் எழுகிறது. நாளாந்த ஓட்டமெல்லாம் மின்னிலேயே முடிவதால் பெற்றோல் தாங்கியிலேயே முதுமையடைகிறது. 2010 இறுதியில் வெளிவந்த செவ்ரோலே வோல்ற் காரை வடிவமைத்தோர் இதனை முன்னரே எண்ணியிருந்தனர். ஏறக்குறைய ஆறு வாரம் எஞ்சின் இயங்காவிடின் பராமரிப்புக்காக அதனை இயக்கும்படி கார் கேட்கும். பெற்றோல் ஓராண்டளவு பழையதாகிவிட்டால் அதனை எரித்துத் தீர்க்க முற்படும். அத்தகைய ஏற்பாடு இல்லாத காரை வைத்திருப்போர், நிறுத்துமுன் ஒருநாள் எஞ்சினில் ஓடிப் புதிய பெற்றோலை நிரப்புவது நல்லது.

மின்கார்கள்

2012 பெப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து வெளியான செய்தியொன்று மின்கார் வாங்கியோரைக் கலங்கச் செய்தது. டெஸ்லாவின் முதற்காரான ரோட்ஸ்டர்கள் சில, மின்னிணைப்பின்றி நெடுநாள் நின்றமையால் முற்றாக வெறுமையாகி, மீளவே மின்னேற்ற முடியாதனவாகிவிட்டன என்றது அது. புதிய மின்கலத் தொகுதிக்கு ஏறக்குறைய 40,000 டொலர் வேண்டும் எனவும் கூறப்பட்டது. எந்தக் காருக்கும் உரிமையாளரின் கவனிப்பு வேண்டும் எனவும், மின்னிணைப்பில் விடும்படி தாம் அறிவுறுத்தியிருந்ததாகவும் நிறுவனம் பதிலிறுத்தது. பின்னர் வந்த கார்கள் மின் குறையும்போது ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லும் ஏற்பாட்டைப் பெற்றுள்ளன. எனினும் அடிப்படை வேதியியல் மாறவில்லை.

லிதியம் அயன் மின்கலத்தை 1991 இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வித்திட்ட குட்இனஃப், விற்றிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019 இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இம்மின்கலத்துக்கு இரு அந்தங்களும் ஆகா. முற்றாக நிறைத்து வைத்தால், அதிலும் வெப்பமான இடத்தில் வைத்தால், உள்ளேயுள்ள இரசாயனங்கள் விரைந்து மூப்படைந்து கொள்ளளவு குறையும். அளவு கடந்து வெறுமையாகிவிட்டாலோ எதிர்த்தகட்டின் செம்புத்தாள் கரையத் தொடங்கும். அவ்வாறு கரைந்த செம்பு பின்னர் மின்னேற்றும்போது தவறான இடத்திற் படிந்து உள்ளேயே குறுஞ்சுற்றை உண்டாக்கலாம். ஈயப் பற்றரியை நிறைத்து வைக்க வேண்டும். லிதியம் தொகுதியைப் பாதியளவில் வைக்க வேண்டும். ஒரே காரினுள் இருக்கும் இவ்விரண்டின் தேவையும் ஒன்றுக்கொன்று மாறானது. நெடும்பயணத்துக்கு முன் பெற்றோல் தாங்கியை நிறைத்துப் பழகிய கை, மின்காரையும் நூறு வீதம் நிறைத்துவிட்டு விமானம் ஏறுகிறது. கைவிட வேண்டிய பழக்கம் இது.

எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நிற்கையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு வீதம் குறையலாம் என டெஸ்லா கைநூல் கூறுகிறது. அறுபது வீதத்துடன் விட்டுச் சென்றால் ஆறு வாரத்தின் பின் பதினெட்டு வீதம் மிஞ்சும். ஆனால் சுற்றுப்புறத்தைக் கண்காணிக்கும் கமெராக் காவலை இயங்கவிட்டுச் சென்றால் நாளொன்றுக்குப் பல வீதம் குறைந்து, சில வாரங்களிலேயே வெறுமையாகும். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கைத்தொலைபேசியில் அடிக்கடி காரின் நிலையைப் பார்ப்பதும் உறங்கும் காரை ஒவ்வொரு முறையும் எழுப்புகிறது. பெரிய தொகுதி அடிமட்டத்துக்கு இறங்கினால், சிறிய பற்றரிக்கு மின் கொடுப்பதையும் கார் நிறுத்திவிடும். பின்னர் இரண்டும் சேர்ந்தே சாகும். வசதியுள்ள இடத்தில் மின்னேற்ற எல்லையை ஐம்பது வீதத்தை அண்டி அமைத்து, இணைப்பிலேயே விட்டுச் செல்வது பாதுகாப்பானது.

நிசான் லீஃப் காரின் கைநூல் இன்னும் திட்டவட்டமானது. 49 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு நாளுக்கு மேலும், பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையிலும் குறைந்த குளிரில் ஏழு நாட்களுக்கு மேலும் காரை விடவேண்டாம் என்கிறது. மின் முற்றாகக் குறைந்த நிலையில் 14 நாட்களுக்கு மேல் விடவும் வேண்டாம் என்கிறது. நோர்வேயில் 2024 இல் விற்பனையான புதிய கார்களுட் பத்தில் ஏறக்குறைய ஒன்பது முழு மின்கார்கள். அந்நாட்டின் வடபகுதியிலும் கனடாவின் உள்மாகாணங்களிலும் வாழ்வோர் இக்குளிர் எல்லையைக் கவனத்திற் கொள்ள வேண்டும். அதற்குட்பட்ட மிதமான குளிர் நிற்கும் மின்கலத்துக்குத் தீங்கன்று. வெப்பமே அதனை விரைந்து மூப்படையச் செய்வது.

மின்காரின் பிறேக்குகளும் கவனிக்கத்தக்கவை. வேகத்தைக் குறைக்கும் வேலையிற் பெரும்பகுதியை மோட்டாரே செய்வதால் பிறேக் தட்டுகள் குறைவாகவே உரசப்படுகின்றன. நின்று துருவேறியபின் அத்துரு தானாகத் தேய்ந்து போவதில்லை. மீண்டும் எடுத்ததும் வெறுமையான வீதியில் சிலமுறை அழுத்தி நிறுத்தித் தட்டுகளைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இடமும் சட்டமும்

கார் நிற்கும் இடத்துக்குச் சட்டமும் உண்டு. பிரித்தானியாவில் வீதிவரி செலுத்தாது காரை நிறுத்திவைப்பவர், அது வீதியில் இல்லை என்னும் அறிவித்தலைக் கொடுக்க வேண்டும். 1998 முதல் நடைமுறையிலுள்ள இவ்விதிப்படி கார் தனியார் நிலத்திலேயே நிற்க வேண்டும். ஜேர்மனியில் 1997 முதல் வழங்கப்படும் பருவகால இலக்கத்தகடு, ஆண்டில் இரண்டு முதல் பதினொரு மாதம்வரை மட்டும் காரைப் பதிவிலிட உதவுகிறது. எஞ்சிய மாதங்களில் அக்கார் பொதுவீதியில் நிற்றலும் குற்றமே. சுவிற்சர்லாந்தில் இலக்கத்தகடுகளை வீதிப் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒப்படைத்து வைக்கலாம். எந்நாடாயினும் காப்புறுதியை முற்றாக நிறுத்துமுன், தீயும் திருட்டும் தொடர்ந்து காக்கப்படுமா எனக் கேட்டறிதல் வேண்டும்.

அழையா விருந்தினரும் உளர். எலி கூடுகட்டும், வயரைக் கடிக்கும். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் மரநாயை ஒத்த மார்டர் என்னும் சிறுவிலங்கு முன்மூடியின் கீழ்ப் புகுந்து றப்பர்க் குழாய்களையும் வயர்களையும் கடிப்பது பேர்போனது. உயர் மின்னழுத்த வயரைக் கடித்துவிட்டால் திருத்தச் செலவு பெரிதாகும். காருக்குள் உணவுத்துண்டு எதுவும் விடலாகாது. காற்று உள்ளிழுக்கும் வாயையும் புகைக்குழாயையும் வலையால் அடைப்பவர், அதனைக் கடதாசியில் எழுதி வளையத்தில் ஒட்டிவைக்க வேண்டும். அடைப்பை மறந்து எஞ்சினை எழுப்புவோர் உண்டு.

உயிருக்கு ஆபத்தானவை

காரைக் காக்கும் முயற்சியில் உயிரை இழந்தோர் உளர் என்பதால் இரண்டை அழுத்திக் கூறுகிறோம்.

முதலாவது, மூடிய கராஜினுள் எஞ்சினை ஓடவிடலாகாது. மணமும் நிறமும் அற்ற காபன் மொனொக்சைட் வாயு சில நிமிடங்களில் உணர்விழக்கச் செய்யும். வினையூக்கி வடிகட்டி இல்லாத பழைய கார்களில் இவ்வாயு மிக அதிகம். வடிகட்டி உள்ள புதிய கார்களிலும் அது சூடேறும்வரை பயன் தராது. ஹைபிரிட் கார் இன்னும் வஞ்சகமானது. 'ஆயத்தம்' நிலையில் விட்டால் ஓசையின்றி நிற்கும். பின்னர் மின் குறைந்ததும் எவரும் தொடாமலே எஞ்சின் எழும். அமெரிக்காவில், பொத்தானை அழுத்தி இயக்கும் கார்களை அணைத்துவிட்டதாக எண்ணி வீட்டோடிணைந்த கராஜில் விட்டுச் சென்றோர் உறக்கத்தில் இறந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆகையால் ஹைபிரிட் காரை இயக்குவது திறந்த வெளியில் மட்டுமே ஆகும்.

இரண்டாவது, செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடலாகாது. உயர் மின்னழுத்தம் செல்லும் பாதையை உணர்த்தவே அந்நிறம் இடப்பட்டுள்ளது. கார் பல மாதம் நின்றாலும் மின்கலத் தொகுதியில் கொல்லும் மின் எஞ்சியிருக்கும். வீட்டில் ஒயில் மாற்றிப் பழகியவர் ஆயினும், இத்தொகுதியைத் திறப்பது பயிற்சி பெற்றோரின் வேலை. விபத்தில் அடிபட்ட அல்லது வெள்ளத்தில் மூழ்கிய மின்காரை வீட்டோடு ஒட்டிய கராஜில் வைக்கவும் கூடாது. நாட்கள் கழிந்தபின்னும் அது தீப்பற்றக்கூடும்.

மீண்டும் எடுக்கும்போது

நெடுநாள் நின்ற காரை அவசரப்பட்டு எழுப்பலாகாது. கீழே ஒயிலோ நீரோ சிந்தியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். முன்மூடியைத் திறந்து கூடு, கடியுண்ட வயர் ஏதேனும் உண்டா எனத் தேட வேண்டும். ரயரின் காற்றைச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ரயரின் பக்கத்தில் பொறித்த இறுதி நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் கூறும். 2319 எனில் 2019 ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பூக்கள் தேயாதிருந்தும் றப்பர் வெடித்திருந்தால் அந்த ரயர் நெடுஞ்சாலைக்கு உதவாது. புறப்படுமுன் பிறேக்கை மிதித்து அது உறுதியாய் நிற்கிறதா என்பதைக் கண்டபின்னரே காரை நகர்த்த வேண்டும்.

தாயகத்தில் உறவினரைக் கொண்டோருக்கும் இவை பயன்படும். இலங்கையில் 2020 இல் வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை 2025 இலேயே நீங்கியது. 2022 இல் எரிபொருள் கிட்டாது வாகனங்கள் வாரக்கணக்கில் முற்றங்களில் நின்றன. அந்நாட்டு வீதிகளில் ஹைபிரிட் கார்கள் ஏராளம். குளிரின் தொல்லை அங்கில்லை எனினும் மின்கலங்களை மூப்படையச் செய்யும் வெப்பமும் இரும்பை அரிக்கும் கடற்காற்றும் உண்டு. உறவினரின் ஹைபிரிட் கார் முற்றத்தில் நிற்குமானால், நிழலில் விடவும் இடையிடையே அரைமணி நேரம் ஓட்டவும் கூறலாம்.

ஒவ்வொரு காரின் கைநூலிலும் நீண்டகாலம் நிறுத்திவைத்தல் பற்றி ஒரு பக்கமேனும் இருக்கும். நாம் மேலே கூறியவை பொதுவானவை. அப்பக்கத்திலுள்ளது அந்தக் காருக்கே உரியது; இரண்டும் முரண்பட்டால் கைநூலையே பின்பற்ற வேண்டும். அது ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ நோர்வேஜிய மொழியிலோ இருப்பதால் காரின் சிறுபெட்டியில் திறவாமலே கிடக்கிறது. அம்மொழியைப் பள்ளியிற் கற்கும் பிள்ளைகள் வீட்டில் உள்ளனர். பயணச்சீட்டை வாங்கும் வாரத்திலேயே அப்பக்கத்தை அவர்களைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டுக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.